துவைத்தால் போகிற வைன்

வைன் கடையில் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். புளிக்குமா, இனிக்குமா, கோழிக்குச் சேருமா, விலையில் ஏதாவது பார்த்துப் போட்டுக் கொடுப்பீர்களா என்று எதைக் கேட்டாலும் கடைக்காரர்கள் அசரமாட்டார்கள். நம்முடைய லாண்டரிக்காரர் கேட்ட கேள்விக்குத்தான் அந்தக் கடைப் பெண், பாட்டில் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுல எதும்மா துவைச்சா போகும்?"

மனிதர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவருக்கு வைனைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தெரியும், நன்றாகவே தெரியும். என்ன, அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது மேசைவிரிப்பில் விழுந்த பிறகுதான். பெரிய ஹோட்டல்கள் இரண்டின் விரிப்புகள் மூட்டை மூட்டையாக அவருடைய மிஷினுக்குத்தான் வருகின்றன. விரித்துப் பார்த்தாலே இது நேற்று கொட்டியது, இது போன வாரத்தது, இதை எந்த மகானுபாவனோ சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து நிரந்தரமாக்கிவிட்டான் என்று சொல்லிவிடுவார். கோப்பைக்குள் இருக்கிறவரை மட்டும் வைனுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. விரோதம் ஒன்றுமில்லை. ஒரு சொட்டு நாக்கில் பட சந்தர்ப்பம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

கடைப் பெண் பொறுமைசாலி. என்ன சமையல் என்று கேட்டாள். முழுக்கோழி, மாப்பிள்ளை சுடுகிறார் என்றார். யார் வருகிறார்கள் என்று கேட்டாள். அங்கேதான் மாட்டிக்கொண்டார். மகள், மாப்பிள்ளை என்று விரலை மடக்கியவர் மூன்றாவது விரலில் நின்றுவிட்டார். "அப்புறம், ஒருத்தர்... வேண்டப்பட்டவங்க," என்று இழுத்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. அந்தப் பெண்ணுக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. ஆனால் விஷயம் தெரிந்தவள். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் நான்கு சிவப்பு வைன்களை எடுத்து வரிசையாக வைத்தாள். எதை எடுப்பது என்று தெரியாத லாண்டரிக்காரர் நான்கையும் வாங்கி, சட்டைகள் கொண்டுபோகும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, கிணுகிணு என்று சத்தம் வர வீட்டுக்கு நடந்தார்.

அந்த வேண்டப்பட்டவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். மறைக்க என்ன இருக்கிறது, அந்தத் தெருவுக்கே தெரியும். லாண்டரிக்காரருக்குத்தான் கொஞ்ச நாள் முன்புவரை தெரியாது.

லாண்டரியின் முன்பக்கம் ஜன்னலோரமாக ஒரு தையல் மிஷின் இருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவள் டெய்லரம்மா. லாண்டரிக்காரரின் மனைவி காலமாகி, மகள் படித்துக்கொண்டிருந்த காலத்தில், வெளுக்க வருகிற சட்டைகளுக்குப் பொத்தான் தைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அதற்காக வந்தவள், பிறகு கால்சட்டை ஓரம் அடிப்பது, இடுப்பைப் பிடிப்பது, பிரிப்பது என்று சொந்தமாகவே தொழிலை நிலைநிறுத்திக்கொண்டாள். கல்யாணப் பேச்சு ஒரு தடவை வந்து, ஒத்துவராமல் போய், அதோடு அந்த விஷயத்தை ஏறக்கட்டிவிட்டவள். பாதி நாள் வாயில் குண்டூசிகள் இருக்கும், அப்போதெல்லாம் புருவத்தாலேயே வாடிக்கையாளர்களை அதட்டுவாள். ஊசிகளை எடுத்துவிட்டால் பேச்சு வெட்டொன்று துண்டிரண்டு. மத்தியானம் இஸ்திரி மேசையில் பழைய பேப்பரை விரித்து, இரண்டு பேரும் டப்பாக்களைத் திறந்து, அவள் கொண்டுவந்ததில் பாதி அவருக்கு, அவருடையதில் பாதி அவளுக்கு. பேச்சு அதிகம் இருக்காது. அந்த அரை மணிநேரத்துக்காகத்தான் மனிதர் காலையில் கடையையே திறக்கிறார் என்பது என் கட்சி.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில் டெய்லரம்மாவின் அண்ணன் வந்து புகுந்தார். நேரில் இல்லை, போனில். வேறு ஊரில் பெரிதாக ரெடிமேட் கடை போட்டிருக்கிறார், அளவு திருத்தும் பிரிவை நம்பிக்கையான கையில் கொடுக்க வேண்டும், மாடியில் தங்க அறை இருக்கிறது, எத்தனை நாள்தான் அடுத்தவன் ஜன்னலோரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பாய், வந்துவிடு என்றார். வருகிற பண்டிகை விடுமுறை முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்று இவள் தவணை வாங்கியிருந்தாள்.

இதை அவள் லாண்டரிக்காரரிடம் ஒரு மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள். சொல்லிவிட்டு, கையைக் கழுவாமல், டப்பாவை மூடாமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "நல்ல விஷயம்தானே," என்றார்.

சாயங்காலம் அதைக் கேட்ட மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மகள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். அப்பாவைப் போல மென்று முழுங்குகிற ஜாதி இல்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அப்பா, பால்காரரு அவங்களுக்கு அண்ணே. எதிர்த்த கடைக்காரரு அண்ணே. ஹோட்டல்ல இருந்து மூட்டை தூக்கிட்டு வர்ற ஆளு, தலை பூரா நரைச்சவரு, அவரும் அண்ணே. உங்களை மட்டும் இத்தனை வருஷத்துல ஒரு தடவை அண்ணேன்னு கூப்பிட்டிருக்காங்களா? சார், சார்னுதானே கூப்பிடறாங்க? ஏன்னு யோசிச்சே பாக்கலையா நீங்க?"

யோசிக்கவில்லை. இப்போது யோசித்தார். யோசிக்க யோசிக்க நெஞ்சுக்குள் ஏதோ சூடாக இறங்கியது. ஐம்பத்தெட்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். தேவைதான் என்று உடனே பதில் வந்ததில் அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

மகள் ஏற்பாட்டைச் சொன்னாள். விடுமுறையின் கடைசி நாள் அப்பா வீட்டில் விருந்து. டெய்லரம்மாவைக் கூப்பிட வேண்டும். சாப்பாடு மகள், மாப்பிள்ளை பொறுப்பு. வைன் அப்பா பொறுப்பு. அண்ணன் ஊருக்குப் போகாதீர்கள் என்று சாப்பாடு முடிவதற்குள் அவளிடம் கேட்பதும் அப்பா பொறுப்பு. அன்றைக்குக் கேட்காவிட்டால் அப்புறம் ஜன்னலோரத்தில் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு இஸ்திரி போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

லாண்டரிக்காரர் மறுநாள் டெய்லரம்மாவைக் கூப்பிட்டார். வருகிறேன் என்றாள். வைன் எது பிடிக்கும் என்று விசாரித்தார். அவள் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பியில் போட்டுவிட்டு, "சிவப்பு," என்றாள்.

அந்த ஒரு வார்த்தை அவர் தூக்கத்தைக் கெடுத்தது. வெள்ளை என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். சிவப்பு என்றால் கறை. கறை என்றால் அவர் எழுந்துவிடுவார். இது அவர் கையில் இல்லை, தொழில் அப்படி. எங்கே, யார் துணியில், எது கொட்டினாலும் அவர் கால் தானாக எழுந்துகொள்ளும். மகளுடைய கல்யாண விருந்தில் எல்லாரும் போட்டோவுக்கு நிற்கும்போது, மூன்றாவது மேசையில் யாரோ ஒருவர் சட்டையில் பழச்சாற்றைக் கொட்டிக்கொண்டார். மறு நிமிடம் மணமகளின் அப்பா உப்பும் சோடாவுமாக அங்கே குனிந்துகொண்டிருந்தார். அந்தப் போட்டோவில் மகளுக்கு வலது பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருக்கும். செத்துப்போன மனைவியும் இதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டவள்தான். என்ன முக்கியமான பேச்சு பேசிக்கொண்டிருந்தாலும் ஒரு சொட்டு எங்காவது விழுந்தால் மனிதர் காதில் எதுவும் ஏறாது.

அதனால் அவர் ஒரு கணக்குப் போட்டார். அவர் மூளைக்கு மட்டும்தான் அப்படி ஒரு கணக்கு தோன்றும். வைன் கொட்டத்தான் போகிறது, நான்கு பேர் உட்காருகிற மேசையில் கொட்டாமல் இருக்காது. ஆனால் அது சுலபமாகப் போய்விடக்கூடிய கறை என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், பதற வேண்டியதில்லை, எழுந்திருக்க வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம். இதற்காகத்தான் அந்தக் கடைக் கேள்வி. இதற்காகத்தான் நான்கு பாட்டில்கள்.

விருந்துக்கு முந்தின நாள் கடை விடுமுறை. ஹோட்டலில் கழித்துப்போட்ட விரிப்பு ஒன்றிலிருந்து நான்கு சதுரம் வெட்டினார். நான்கு பாட்டிலையும் திறந்தார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து ஒவ்வொரு துண்டில் ஊற்றி, ஊற விட்டார். பிறகு குளிர்ந்த தண்ணீர், பிறகு சோப்பு, பிறகு கறைமருந்து. ஒன்றுக்குச் செய்ததைக் கூடாமல் குறையாமல் நான்குக்கும் செய்தார். பெற்ற குழந்தைகளைக்கூட இத்தனை பாரபட்சமில்லாமல் யாரும் குளிப்பாட்டியிருக்கமாட்டார்கள்.

மகளும் மாப்பிள்ளையும் கோழியைக் கொண்டுவந்து வைக்க வந்தபோது, கொடியில் நான்கு துண்டுகள் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. லாண்டரிக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவற்றின் முன்னால் உலாத்திக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். பேச மாட்டார், காரியத்தில் இறங்கிவிடுவார். திறந்து கிடந்த பாட்டில்களைப் பார்த்தார், நான்கு டம்ளர் எடுத்தார், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஊற்றினார். முதல் பாட்டிலைச் சுவைத்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். அவள் ஒரு வாய் வைத்துவிட்டு, இது வைனா, இல்லை திராட்சை கழுவின தண்ணியா என்று கேட்டாள். இரண்டாவதும் நான்காவதும் பரவாயில்லை ரகம். மூன்றாவதைக் குடித்த மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் திறக்கவே இல்லை.

"மாமா, இதுதான்," என்றார். அந்த வாரத்தில் மாமனாரிடம் அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

லாண்டரிக்காரர் அவர்களை இழுத்துக்கொண்டுபோய்க் கொடியைக் காட்டினார். மூன்றாவது துண்டில் கருநீலமும் சிவப்புமாக ஒரு கறை, எனக்கென்ன என்று உட்கார்ந்திருந்தது. மூன்று கழுவலுக்கும் அசையவில்லை. முதல் துண்டோ பளிச்சென்று இருந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்ட உடனேயே போய்விட்டதாம், சோப்புக்குக்கூட வேலை வைக்கவில்லையாம். அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். மகள் பிள்ளைப் பருவத்தில் பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட அவர் முகத்தில் அந்தப் பெருமை இல்லை.

மகள் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தாள். குடிக்கத்தானே அப்பா வைன், துவைக்கவா என்றாள். நாளைக்கு வைக்கிற கோழியையும் துவைத்துப் பார்த்துவிட்டுத்தான் வைக்கட்டுமா என்று கேட்டாள். மனிதர் பிடித்த பிடியை விடவில்லை. போய் முதல் வைனிலேயே இன்னும் இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு வந்தார். மிச்சமிருந்த மற்ற பாட்டில்களுக்கு மூடி போட்டுச் சமையலறை அலமாரியில் ஏற்றிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் டெய்லரம்மா வந்தாள். இளம்பச்சையில், தானே தைத்த உடை. தலையை வழக்கத்தைவிடத் தளர்த்திப் பின்னியிருந்தாள். லாண்டரிக்காரர் கதவைத் திறந்துவிட்டு, வாங்க என்று சொல்ல மறந்து, கதவைப் பிடித்தபடியே நின்றார். அவளே உள்ளே வந்தாள். வந்தவள் முதல் காரியமாக மேசைவிரிப்பின் முனையைத் தூக்கித் தையலைப் பார்த்து, ஓரம் கோணலாக இருக்கிறதே, எந்தப் புண்ணியவான் அடித்தது என்று கேட்டாள். விரிப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. காலையிலிருந்து லாண்டரிக்காரர் அதைத்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

கோழி பொன்னிறமாக வெந்திருந்தது. உருளைக்கிழங்கு, கேரட், சூடான ரொட்டி. மாப்பிள்ளை வெட்டி வைக்க, மகள் பரிமாற, லாண்டரிக்காரர் எழுந்து வைனை ஊற்றினார். டெய்லரம்மா ஒரு வாய் குடித்தாள். விழுங்கினாள். கொஞ்சம் யோசித்தாள். "லேசா இருக்கு," என்றாள் மரியாதையாக. மாப்பிள்ளை சத்தமில்லாமல் தண்ணீர்ச் செம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சாப்பாடு பாதி ஆயிற்று. மகள் கண்ணால் ஜாடை காட்டினாள். லாண்டரிக்காரர் கோழியைப் பார்த்தார். மகள் தொண்டையைக் கனைத்தாள். லாண்டரிக்காரர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். மகள் மேசைக்கடியில் ஒரு உதை விட்டாள். அது மாப்பிள்ளைக்கு விழுந்தது. அவர் பாவம், பழக்கப்பட்டவர், காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கடைசியில் லாண்டரிக்காரர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். முதுகை நிமிர்த்தினார். "டெய்லரம்மா, நான் உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்," என்றார்.

மேசையே நின்றுவிட்டது. டெய்லரம்மாவின் கை கோப்பையின் மேல் அப்படியே இருந்தது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வைன் இருக்கே, குளிர்ந்த தண்ணியிலேயே போயிடும்."

என்ன செய்வது, வாய் அவரைக் கைவிட்டுவிட்டது. ஆரம்பித்துவிட்ட பிறகு நிறுத்தவும் தெரியவில்லை. நான்கு துண்டு வெட்டியது, ஊற வைத்தது, அலசியது, கொடியில் போட்டது என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். தெரிந்த விஷயத்தில் நடக்க அவருக்குக் கால் வலிக்கவே வலிக்காது. மகள் தட்டில் கிடந்த கேரட்டைக் கரண்டியால் நசுக்கிக்கொண்டிருந்தாள்.

டெய்லரம்மா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: நீங்கள் குடித்துப் பார்த்தீர்களா?

"இல்ல," என்றார் லாண்டரிக்காரர். "துவைச்சுதான் பாத்தேன்."

டெய்லரம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து மகளுக்கும் சிரிப்பு வந்தது, மாப்பிள்ளைகூடத் தோள் குலுங்கச் சிரித்தார். லாண்டரிக்காரர் எதற்கென்று புரியாமல், ஆனால் அவள் சிரிக்கிறாளே என்ற சந்தோஷத்தில், தானும் சிரித்தார். அந்த நிமிடத்தில் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

அவர் கேட்கவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது. டெய்லரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் மறுபடி பேசியபோது குரலில் சிரிப்பு இல்லை.

"காலையில அண்ணன் போன் பண்ணுவாரு, சார். பதில் சொல்லிடணும்."

சொல்லிவிட்டு, அன்றைக்கு மத்தியானம் பார்த்த அதே மாதிரி, அவர் முகத்தையே பார்த்தாள். இதைவிடக் கதவைத் திறந்து வைக்க ஒரு மனுஷியால் முடியுமா? என்னைக் கேட்டால் முடியாது.

"உங்க அண்ணன் நல்லவருன்னு சொல்லியிருக்கீங்க," என்றார் லாண்டரிக்காரர். "நல்லா பாத்துக்குவாரு."

மகள் கரண்டியைத் தட்டில் போட்டாள்.

ஆமாம், அண்ணன் நல்லவர்தான் என்றாள் டெய்லரம்மா. கைத்துண்டால் உதட்டை ஒற்றி, அதை நாலாக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சாப்பாடு பிரமாதம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள். நேரமாகிறது, கிளம்புகிறேன் என்று நாற்காலியின் பின்னால் மாட்டியிருந்த கைப்பையை எடுத்தாள். கோபமாக இருந்திருந்தால்கூடத் தேவலை. கடைசிச் சட்டைக்குப் பொத்தான் தைத்து முடித்து நூலை அறுக்கும்போது இருக்கிற அதே முகம்தான் இருந்தது.

"ஒரு நிமிஷம்," என்றார் லாண்டரிக்காரர். "இந்த வைன் சரியில்ல. வேற எடுத்துட்டு வர்றேன்." என்றவர் விடுவிடுவென்று சமையலறைக்குள் போய்விட்டார்.

உள்ளே போய் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அப்போதுதான் உறைத்தது, அவள் நிஜமாகவே போய்விடுவாள். விடுமுறை முடிந்து கடையைத் திறந்தால் ஜன்னலோரத்தில் மிஷின் இருக்காது. மத்தியானம் பேப்பரை விரித்து ஒரு டப்பாவைத் திறக்க வேண்டும். பாதி எடுத்துக்கொள்ள எதிரில் யாரும் இருக்கமாட்டார்கள். நல்ல விஷயம்தானே, நல்லா பாத்துக்குவாரு என்று பெருந்தன்மையாகப் பேசிக்கொண்டிருந்தோமே, அதில் பெருந்தன்மை ஒரு மண்ணும் இல்லை, வெறும் பயம் என்று அவருக்குப் பட்டது. வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால்? அந்தப் பயம்தான். பயத்தைத்தான் இரண்டு நாளாக ஊற வைத்து, அலசி, கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். தன் மேலேயே அவருக்கு ஆத்திரம் பொங்கியது. பாட்டில்களில் எது எதென்று பார்த்தார். மூன்றாவதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

டெய்லரம்மா பையைத் தோளில் மாட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். மரியாதைக்காக மறுபடி உட்கார்ந்தாள். அவர் அவளுக்குப் புதுக் கோப்பை ஒன்றை வைத்து ஊற்ற ஆரம்பித்தார். ஊற்றிக்கொண்டே வார்த்தையைத் தேடினார். தேடுகிற மும்முரத்தில் கோப்பை நிறைந்ததைக் கவனிக்கவில்லை. மேலே வந்தது, விளிம்பில் நின்றது, வழிந்தது. கருஞ்சிவப்பாக வெள்ளை விரிப்பில் இறங்கி, இஸ்திரி மடிப்பைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது.

மகளும் லாண்டரி வீட்டில் வளர்ந்தவள்தானே, அடுத்த நொடி உப்பு ஜாடியோடு எழுந்து நின்றாள். மாப்பிள்ளை சோடா பாட்டிலைத் தேடினார். டெய்லரம்மா தட்டைத் தூக்கிக்கொண்டாள். நின்றுகொண்டிருந்த லாண்டரிக்காரரின் முழங்கால் சமையலறைப் பக்கம் திரும்பிவிட்டது. அதை அவர் திரும்ப இழுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் உட்காருங்க."

"அப்பா, கறை..."

"இருக்கட்டும்மா."

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை அதுவரை வந்ததே கிடையாது. மகள் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அன்னைக்கு நல்ல விஷயம்னு சொன்னேன்," என்றார் லாண்டரிக்காரர். "பொய். இப்ப சொன்னதும் பொய்." பேசினாரே தவிர, கண் விரிப்பின் மேல்தான் இருந்தது. வைன் ரொட்டித் தட்டைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

"சார்," என்றாள் டெய்லரம்மா. "எங்கிட்டதானே பேசறீங்க? என்னைப் பாத்துப் பேசுங்க."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"போகாதீங்க," என்றார். "நீங்க இல்லாம எனக்குச் சாப்பாடு இறங்காது. பொத்தானுக்கு ஆள் வேணும்னு சொல்லல. எனக்கு நீங்க வேணும். என்னைக் கட்டிக்கிறீங்களா?"

வைன் மேசை விளிம்புக்கு வந்து, அவருடைய வெளிர்ச் சாம்பல் நிறக் கால்சட்டையில், தொடையின் மேல் சொட்ட ஆரம்பித்தது. நனைவது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. குளிர்ந்து சொட்டுகிறது, தையலுக்குள் இறங்குகிறது. அந்தத் துணியில் அந்த வைன் எத்தனை கழுவலுக்கும் போகாது என்று உலகத்திலேயே அவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அவர் குனிந்து பார்க்கவில்லை. டெய்லரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.

அவள்தான் குனிந்து பார்த்தாள். சொட்டு விழுவதைப் பார்த்தாள், மறுபடி அவர் கண்ணைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. குண்டூசி குத்தினால்கூட முகம் சுளிக்காத பெண், எல்லார் முன்னாலும் அழுதாள்.

"நான் எங்கயும் போகல," என்றாள். கைப்பையைத் தோளிலிருந்து கழற்றி மறுபடி நாற்காலியில் மாட்டினாள். "அண்ணன்கிட்ட காலையில நீங்களே பேசிடுங்க."